முகமூடி போடாதவர்

1941 ஏப்ரலில் லோன் ரேஞ்சருக்குப் பேச்சு நின்றுபோனது. டெட்ராய்ட் நகரத்து டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் வானொலியில் அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்துவந்த ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்துவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள் ஒலிபரப்பு. அடுத்த எபிசோடுக்கு நேரம் நெருங்குது, நாயகன் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ரேஞ்சர் படுகாயம் பட்டுக் கிடப்பதாகக் கதையை மாற்றி எழுதினார்கள். சில எபிசோடுகளுக்கு அவருக்கு முனகலும் மூச்சும்தான். கதையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது டோண்டோ, அதாவது நாயகனின் துணையாள். அப்புறம் பிரேஸ் பீமர் என்பவரின் குரல் மெல்ல உள்ளே வந்து நாயகனாகிவிட்டது.

பதினோரு வருஷம் கழித்து, டிவியிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. நாயகன் மாறினான், துணையாள் நின்றான்.

முதலில் கதை. ஆறு டெக்ஸாஸ் ரேஞ்சர்கள் ஒரு பள்ளத்தாக்கில் புட்ச் கேவண்டிஷ் என்கிற கொள்ளைக்காரனின் கும்பலிடம் மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்து பேர் சாகிறார்கள். உயிர் ஊசலாடும் ஆறாவது ஆளை ஒரு பூர்வகுடி மனிதன் கண்டெடுத்துக் காப்பாற்றுகிறான். அவன்தான் டோண்டோ. எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று கும்பல் நம்பட்டும் என ஆறு கல்லறைகள் கட்டப்படுகின்றன. செத்த அண்ணனின் மேற்சட்டைத் துணியில் தம்பி முகமூடி வெட்டிக்கொள்கிறான். அதன்பின் வெள்ளைக் குதிரை, வெள்ளித் தோட்டா, ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை. (பழைய ஓபரா இசைக்கு ராயல்டி தர வேண்டியதில்லை. ஸ்டேஷன் முதலாளி ஜார்ஜ் டிரெண்டில் காசு விஷயத்தில் கெட்டிக்காரர்.)

1933 ஜனவரியில் ஆரம்பித்த இந்த வானொலித் தொடரை எழுதியவர் ஃபிரான் ஸ்டிரைக்கர். முதல் சில எபிசோடுகளில் டோண்டோவே கிடையாது. அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது: வானொலியில் ஒரு மனிதன் தனியாகக் குதிரையில் போய்க்கொண்டிருந்தால் கேட்பவர்களுக்கு எதுவுமே கேட்காது. அவன் யாரிடமாவது பேசியாக வேண்டும். பேச்சுத் துணைக்காகப் பிறந்தவர்தான் டோண்டோ. பேசுவதற்கென்றே படைக்கப்பட்ட பாத்திரத்துக்குத்தான் ஒழுங்கான ஒரு வாக்கியம்கூட எழுதித் தரவில்லை.

குழந்தைகளுக்கான தொடர் என்பதால் நாயகனுக்குக் கறாரான விதிமுறைகள் இருந்தன. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. கொல்வதற்காகச் சுடக் கூடாது. எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியைத் தட்டிவிடச் சுடலாம். மதுக்கடையைக் காட்டினால் சாப்பாட்டுக்கடை மாதிரி காட்ட வேண்டும். முக்கியமாக, ரேஞ்சர் எப்போதும் சுத்தமான இலக்கண ஆங்கிலம்தான் பேச வேண்டும், கொச்சை கூடவே கூடாது. பிள்ளைகள் கேட்கிறார்களே!

அதே பிள்ளைகள்தான் அதே அரை மணி நேரத்தில் டோண்டோவையும் கேட்டார்கள். 'நான்' என்று வர வேண்டிய இடத்தில் 'என்னை' என்பார். வினைச்சொல் பாதியில் உதிர்ந்துவிடும். யார் ஒழுங்காகப் பேசுவார்கள், யாருக்குப் பேச வராது என்பதையும் அந்தத் தொடர் பாடமாகவே நடத்தியது. வானொலியில் அந்த உடைந்த ஆங்கிலத்தைப் பேசியவர் ஜான் டாட் என்கிற வயதான வெள்ளைக்கார நாடக நடிகர் என்பது தனி வேடிக்கை.

பெயரிலும் கூத்து உண்டு. ஸ்பானிஷில் 'டோண்டோ' என்றால் முட்டாள். ஸ்பானிஷ் டப்பிங்கில் அதை 'டோரோ', அதாவது காளை என்று மாற்ற வேண்டியதாயிற்று. அவர் பொட்டவாட்டமி இனத்தவர் என்று வானொலி சொன்னது. பொட்டவாட்டமிகள் வடக்கே ஐம்பெரும் ஏரிகள் பக்கத்து மக்கள். டெக்ஸாஸ் பாலைக்கு எப்படி வந்தார்கள்? தொடர் டெட்ராய்ட்டில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். ரேஞ்சரை அவர் அழைக்கும் 'கெமோசாபி' என்கிற சொல், வானொலி இயக்குநரின் மாமனார் மிச்சிகனில் நடத்திய சிறுவர் முகாமின் பெயரிலிருந்து எடுத்தது.

1949 செப்டம்பர் 15 அன்று ஏபிசி சேனலில் இது டிவி தொடராக வந்தது. அப்போது ஏபிசி நோஞ்சான் சேனல். அதன் முதல் பெரிய வெற்றி இதுதான். முகமூடிக்குள் கிளேட்டன் மூர். டோண்டோவாக, இம்முறை உண்மையான ஒரு பூர்வகுடி நடிகர்: ஜே சில்வர்ஹீல்ஸ்.

இயற்பெயர் ஹரால்ட் ஸ்மித். கனடாவின் ஒன்டாரியோவில், கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள சிக்ஸ் நேஷன்ஸ் நிலப்பகுதியில் 1912-ல் பிறந்த மொஹாக். அப்பா முதல் உலகப் போரில் கனடா ராணுவ அதிகாரியாகச் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவர். மகன் லக்ரோஸ் ஆட்டத்தில் ஸ்டார், குத்துச்சண்டையும் தெரியும். ஓட்ட வேகத்தால் ஒட்டிக்கொண்டதுதான் 'வெள்ளிக் குதிகால்' என்கிற பட்டப்பெயர். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன் கேமரா முன்னால் போய் ஆங்கிலம் தெரியாதவராக நடித்தார்.

1950-ல் வந்த 'புரோக்கன் ஏரோ' படத்தில் இவருக்கு ஜெரோனிமோ வேடம். பூர்வகுடிகளைக் கௌரவமாகக் காட்டிய படம் என்று பேர் வாங்கியது. ஆனால் அதில் பெரிய பூர்வகுடிப் பாத்திரமான தலைவர் கோச்சிஸ், ஜெஃப் சாண்ட்லர் என்கிற வெள்ளை நடிகருக்குப் போனது. ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்கே. அந்தக் காலத்தில் வாராவாரம் வீட்டுக்குள் வரும் பாத்திரத்தை ஒரு மொஹாக் நடிகர் செய்ததே பெரிய விஷயம் என்பதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. (டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்த நாம் இன்னும் 'செவ்விந்தியர்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். கொலம்பஸ் திசை தப்பியதன் மிச்சம் அது.)

வாராவாரம் அவருக்குக் கிடைத்த வேலை என்ன? ஊருக்குள் போய் ஒட்டுக்கேட்டுவிட்டு வருவது. மாட்டினால் அடி வாங்குவது. கட்டிப்போட்டால் ரேஞ்சர் வரும்வரை காத்திருப்பது. இருந்தும் பழைய எபிசோடுகளை இன்றைக்குப் பார்த்தால் என் கண் அவர்மீதுதான் போய் நிற்கிறது. குதிரையில் அவர் உட்காரும் விதம், வசனத்துக்கு முன் விடும் சின்ன இடைவெளி. வசனம் தராததை உடம்பால் ஈடுகட்டிய நடிப்பு. மூர் நிமிர்ந்து நின்று பேசுவார். சில்வர்ஹீல்ஸ் கேட்பார், கேட்பதை நாம் பார்க்க முடியும்.

1952-ல் மூரைத் தூக்கிவிட்டு ஜான் ஹார்ட் என்பவருக்கு முகமூடி மாட்டினார்கள். கண்ணை மூடிய துணிதானே, உள்ளே யார் இருந்தால் என்ன என்கிற கணக்கு. 52 எபிசோடுகள் ஓடின. பிள்ளைகள் ஏமாறவில்லை. குரல் வேறு, நடை வேறு. 1954-ல் மூர் திரும்ப வந்தார். இந்தக் களேபரம் முழுக்க தொடரைப் பிடித்து நிறுத்தியது பக்கத்துக் குதிரையில் அதே முகம்தான். 1955-ல் சில்வர்ஹீல்ஸுக்கு மாரடைப்பு வந்தபோது தயாரிப்பாளர்கள் இன்னொரு டோண்டோவைத் தேடவில்லை. ரேஞ்சரின் அண்ணன் மகன் பாத்திரத்தை வைத்துச் சில எபிசோடுகளை ஓட்டிவிட்டு அவர் தேறி வரக் காத்திருந்தார்கள். 1957-ல் தொடர் முடிந்தபோது மொத்தம் 221 எபிசோடுகள். கடைசி 39 மட்டும் கலர்.

காசு வந்த வழி தானியப் பொட்டலம். விளம்பரதாரர் ஜெனரல் மில்ஸ். வானொலிக் காலத்திலேயே, 1947-ல், கிக்ஸ் பொட்டலத்தின் மூடியையும் 15 சென்ட்டையும் அனுப்பினால் 'லோன் ரேஞ்சர் அணுகுண்டு மோதிரம்' தபாலில் வரும். உள்ளே துளி பொலோனியம். இருட்டில் உற்றுப் பார்த்தால் பொறி பறப்பது தெரியும். ஹிரோஷிமா முடிந்து இரண்டே வருஷம். பிள்ளைகள் விரலில் கதிரியக்கம்! ஒழுக்க விதிமுறைப் பட்டியலில் இதற்கு இடமில்லை போல.

தொடர் முடிந்த பிறகு இரண்டு நடிகர்களும் பாத்திரத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. மூர் வெளியே வர விரும்பவுமில்லை. முகமூடியோடு கடைத் திறப்பு விழாக்களுக்கும் ஊர்வலங்களுக்கும் போய்க்கொண்டிருந்தார். 1979-ல் உரிமையாளர் ஜாக் ராதர், புதுப்படம் எடுப்பதற்காக, மூர் முகமூடி அணியக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கினார். மூர் பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு விழாக்களுக்குப் போனார். 1981-ல் வந்த புதுப்படம் படுத்துவிட்டது. 1984-ல் முகமூடி திரும்பக் கிடைத்தது.

சில்வர்ஹீல்ஸிடம் கழற்றிக் கொடுக்க முகமூடி எதுவும் இல்லை. அவர் முகமே டோண்டோ. வேறு வேடம் சரியாக அமையவில்லை. 1969-ல் ஜானி கார்சனோடு ஒரு நகைச்சுவைக் காட்சியில் வந்தார்: முப்பது வருஷம் ரேஞ்சரிடம் உழைத்துவிட்டு வேலை தேடி வரும் டோண்டோ. அதே உடைந்த ஆங்கிலத்தில், எதையெல்லாம் சுமந்தேன், என்ன கிடைத்தது என்று முதலாளியைப் பற்றிய கணக்கைக் கொட்டுகிறார். அரங்கமே சிரிக்கிறது. பிறகு ரேக்ளா மாதிரியான வண்டிக் குதிரைப் பந்தயத்தில் இறங்கி அதிலும் பேர் வாங்கினார்.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது அவர் 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் நிறுவிய பூர்வகுடி நடிகர்களுக்கான பயிற்சிப் பட்டறையை. எங்கள் ஆட்களின் வேடத்தில் எங்கள் ஆட்கள் நடிக்கட்டும், அதற்குப் பயிற்சி நாங்களே தருகிறோம் என்பதுதான் நோக்கம். மூருக்குத் தடை வந்த அதே 1979-ல் ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தார்கள்.  அடுத்த மார்ச்சில் இறந்தார். அஸ்தியைக் கிராண்ட் ஆற்றங்கரைக்கே கொண்டுபோனார்கள்.

2013-ல் டிஸ்னி பெரிய செலவில் 'லோன் ரேஞ்சரை' மறுபடி எடுத்தது. போஸ்டரில் டோண்டோ முன்னால் நிற்கிறார், முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, தலையில் செத்த காக்கை. நடித்தவர் ஜானி டெப்.