பாசியும் கோப்பியும்: பேராதனை மாதிரிகள் பற்றிய ஒரு குறிப்பு

கல்வெட்டையும் ஓலையையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் நாம், நூதனசாலையில் உலர்ந்த பாசியைப் பொதிந்துவைத்த காகித உறையை அவ்வாறு நோக்குவதில்லை. அவ்வுறையின் மேலுள்ள இரண்டொரு சொற்களும் குறித்ததொரு சமூக உறவின் விளைபொருளே.

1844இல் பேராதனைப் பூங்காவின் பொறுப்பேற்ற ஜோர்ஜ் கார்ட்னர் 1849இல் நுவரெலியாவில் இறந்தார். அடுத்து வந்த துவைற்ஸ் 1880 வரை பதவியிலிருந்தார். இருவர் காலத்திலும் திரட்டப்பட்ட பாசிகள் இங்கிலாந்துக்குச் சென்றன. அவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் சசெக்ஸிலே மருந்துக்கடை நடத்திய வில்லியம் மிற்றன், இலங்கையைக் காணாதவர். அவரது 1859ஆம் ஆண்டு நூலில் கார்ட்னரின் மாதிரிகள் பலவற்றுக்கு ‘இலங்கை’ என்பதே இடக்குறிப்பு. எந்த மலை, எந்த மரம், எவ்வளவு உயரம் என்பன இல்லை. துவைற்ஸ் பூக்குந் தாவரங்களுக்கு இட்ட ‘சி.பி.’ எண்களோ இன்னும் விசித்திரமானவை. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில் பறித்தவையும் ஒரே எண்ணின் கீழ் அடங்கின. எண் இனத்தைச் சுட்டிற்று, பறித்த இடத்தையன்று.

இதனைத் தனிமனிதரின் கவனக்குறைவென்று கொள்வது மேலோட்டமான பார்வை. வகைப்படுத்தலுக்குத் தேவைப்பட்டது இனம், காடு அன்று. பண்டம் தான் விளைந்த மண்ணையும் விளைவித்த கையையும் மறைத்துக்கொண்டு சந்தைக்கு வருவதுபோல, மாதிரியும் வந்து சேர்ந்தது. காடேறிப் பறித்த உள்ளூர்ச் சேகரிப்பாளர் பெயரை உறையில் தேடுவது பெரும்பாலும் வீண்.

இம்மௌனம் நேர்ந்த காலமே முக்கியமானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உரித்து நாட்டப்படாத காடுகளை முடிக்குரியனவாக்கியது. அவை கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த கூலிகள் அவற்றை வெட்டி எரித்தனர். பாசிக்கு மெய்வேர் இல்லை. நீரைப் பெரிதும் உடலின் மேற்பரப்பாலேயே உறிஞ்சுவதால், மர நிழலும் மூடுபனியும் நீங்கிய இடத்திற் பல இனங்கள் நிலைப்பதில்லை. கோப்பி மேலேற மேலேற எவ்வினம் எங்கிருந்து மறைந்தது என்ற கேள்விக்கு அவ்வுறைகளே சாட்சியாகியிருக்க வேண்டும். இடம் எழுதப்படாமையால் அச்சாட்சியம் அரைகுறையாயிற்று. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை விற்கலாகாதென்று கியூ பூங்காவின் ஹூக்கர் ஆலோசனை கூறியது 1873இலே. அதற்குள் நடுமலைச் சரிவுகள் பெரிதும் கோப்பியாகிவிட்டன. கோப்பியை அழிக்கவிருந்த துருநோயும் 1869இலேயே தோன்றிவிட்டது.

மிற்றன் 1906இல் இறந்தபின் அவரது சேகரிப்பை நியூயோர்க் தாவரவியற் பூங்கா வாங்கிற்று. நீரில் இட்டால் நூறாண்டு கடந்த பாசியும் இலை விரித்துப் பழைய வடிவம் கொள்ளும். மத்திய மலைநாட்டிற் பறித்த பாசி அவ்வாறு விரிவதைக் காண விரும்பும் நம் மாணவர், இன்று அந்நகருக்கும் விண்ணப்பிக்க வேண்டியவராயுள்ளார்.