பிரிண்ட்எஃபும் காவல்கார மேக்ரோவும் - ஒரு குட்டி சரித்திரம்

சி மொழி படிக்கிற எல்லோரும் முதலில் எழுதுவது "ஹலோ வேர்ல்டு" தான். அதில் வரும் பிரிண்ட்எஃப் பார்க்க சாதுவாக இருக்கும். அதற்கும் ஒரு குற்றப் பின்னணி உண்டு என்றால் நம்புவீர்களா? :-)

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். சி-யில் ஸ்ட்ரிங்குக்குத் தன் நீளம் தெரியாது. முடிவில் ஒரு பூஜ்ய பைட், அவ்வளவுதான். பிரிண்ட்எஃபுக்கோ எத்தனை மதிப்புகள் வந்தன என்றே தெரியாது. ஃபார்மட்டில் மூன்று % இருந்தால் மூன்றை எடுக்கும், நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்! இரண்டுமே நிரலரை நம்பிய ஏற்பாடுகள்.

முதல் அடி 1988 நவம்பர் 2 அன்று விழுந்தது. கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸின் வார்ம் நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் சேவை. அங்கே கெட்ஸ் ஃபங்ஷன் 512 பைட் இடத்தில் 536 பைட்டுகளை வாங்கிக்கொண்டது. அளவு பார்க்காத எஸ்பிரிண்ட்எஃபிலும் இதே ஓட்டைதான். அளவு கேட்கும் எஸ்என்பிரிண்ட்எஃப் 1999-ல் தரத்துக்குள் வந்தது. கெட்ஸ் 2011-ல்தான் தரத்திலிருந்து நீக்கப்பட்டது.

இடம் வழிவது ஒரு பிரச்சினை. இன்னொன்று 2000-ல் பெரிதாக வெடித்தது. பயனர் தந்த ஸ்ட்ரிங்கையே ஃபார்மட்டாக அனுப்பினால்? அவர் %என் என்று எழுதி நம் நினைவகத்திலேயே எழுத முடியும்! டபிள்யூயூ-எஃப்டிபிடி சர்வரில் இப்படித்தான் ஓட்டை கிடைத்தது. 2001 ஜனவரியில் ராமென் வார்ம் அதையும் பயன்படுத்திப் பரவியது.

இங்கேதான் மேக்ரோ கதாநாயகனாக வருகிறது. கிரிஸ்பின் கோவனும் குழுவினரும் 2001-ல் ஃபார்மட்கார்டை வெளியிட்டார்கள். யோசனை எளிது. ஃபங்ஷனால் எண்ண முடியாததை மேக்ரோவால் எண்ண முடியும், ஏனென்றால் அது கம்பைல் ஆகும்போதே எழுதியதை அப்படியே பார்க்கிறது. அந்த எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பினால், ஃபார்மட் அதைவிட அதிகம் கேட்கும்போது நிரலை நிறுத்திவிடலாம். பழைய நிரலைத் திருத்தவே வேண்டாம், மறுபடி கம்பைல் செய்தால் போதும். ஆனால் ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக அழைத்தால் மேக்ரோ கண்ணில் படாது.

2004-ல் ஜிசிசி, ஜிலிப்சி பக்கம் ஃபார்டிஃபை சோர்ஸ் வந்தது. இலக்கின் அளவு கம்பைலருக்குத் தெரிந்தால், எஸ்பிரிண்ட்எஃப் அழைப்பு சோதனை செய்யும் வடிவத்துக்கு மாறிவிடும்.

"நானே மேக்ரோ எழுதிக்கொள்கிறேன், சைஸ்ஆஃப் போட்டு அளவைத் தருகிறேன்" என்கிறீர்களா? நல்லது, ஒரு பொறி மட்டும் உண்டு. அர்ரே தந்தால் சரியான அளவு வரும். ஃபங்ஷனுக்குள் பாயிண்டராக வந்த அர்ரே என்றால் 64 பிட் கணினியில் பெரும்பாலும் 8 தான் வரும். லினக்ஸ் கெர்னலின் அர்ரே அளவு மேக்ரோ, பாயிண்டர் தந்தால் கம்பைலே ஆகாது. அப்படி எழுதுங்கள். எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் எண்ணையும் பாருங்கள். அது இடத்தின் அளவை எட்டினால் செய்தி வெட்டுப்பட்டது என்று அர்த்தம்.

நிரலர் தவறமாட்டார் என்று நம்பியது சி. தவறுவார் என்று ஒப்புக்கொண்டு எழுதியதே இந்த மேக்ரோக்கள். அடுத்த லேபில் எஸ்பிரிண்ட்எஃப் என்று கை போகும்போது, அந்த 24 உபரி பைட்டுகள் ஞாபகம் வரட்டும்.