பூங்காவிலிருந்து தோட்டத்திற்கு



'தோட்டம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், இன்றைய மாணவர்கள் ரோஜாவையும் வண்ணத்துப்பூச்சியையும் பற்றி எழுதுகிறார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி, "நான் தோட்டத்தில் பிறந்தேன்" என்று கூறும்போது குறிப்பிடுவதோ ரப்பர்த் தோட்டத்தை. லயன் வீடு, விடியற்காலைப் பிரட்டு, மாரியம்மன் கோயில், பள்ளி, பால்மரம் என அனைத்தும் அடங்கிய ஓர் உலகம் அது. ஒரே சொல்லுக்கு இரு தலைமுறையினர் இரு பொருள் கொள்கின்றனர். இவ்விரு பொருளுக்கும் இடையே ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. மாணவர்களைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் அத்தொடர்பிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

தலைநகரின் ஏரிப் பூங்கா

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தேசிய அருங்காட்சியகத்தைக் கடந்து சென்றால் ஏரிப் பூங்காவை அடையலாம். 1888ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலப் பொருளாளராக இருந்த ஆல்பிரட் வென்னிங் இப்பூங்காவை அமைக்க முன்மொழிந்தார். அப்போதைய ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹம் அதற்கு ஆதரவளித்தார். புதர்க்காடு அழிக்கப்பட்டது, ஓடை மறிக்கப்பட்டு ஏரியானது. சௌ ஆ இயோக் என்னும் சீனப் பெருமகனார் 100 செவ்வந்திச் செடிகளையும் 30 ஆரஞ்சு மரங்களையும் நன்கொடையாக அளித்தார். 1975இல் 'தாமான் தாசேக் பெர்டானா' என்றும், 2011இல் 'பெர்டானா தாவரவியல் பூங்கா' என்றும் இதன் பெயர் மாறியது.

இங்குள்ள செம்பருத்திப் பூங்காவும் ஆர்க்கிட் பூங்காவும் காணத்தக்கவை. 1960இல் செம்பருத்தி நம் தேசிய மலரானது. அதற்கு முன்பே அது லயன் வீடுகளின் வேலியிலும் சாமிப் படத்தின் மேலும் நம்மோடு வாழ்ந்த மலர் என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைக் காண்கிறேன்.

பூங்காவில் பிறந்த தோட்டம்

வென்னிங் ஏரிப் பூங்காவிற்கு முன்மொழிந்த அதே 1888ஆம் ஆண்டில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு ஹென்றி ரிட்லி என்பவர் இயக்குநராக வந்து சேர்ந்தார். அவர் வருமுன்பே அங்கு ரப்பர் மரங்கள் இருந்தன. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கன்றுகளைப் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார்.

மரத்திற்குக் கேடு நேராமல் பட்டையைச் சாய்வாகச் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை ரிட்லி கண்டறிந்தார். பின்னாளில் நம் முன்னோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருள் பிரியுமுன் செய்த வேலையின் மூலப்பாடம் ஒரு பூங்காவில்தான் எழுதப்பட்டது!

மோட்டார் வாகனங்கள் பெருகின, ரப்பர் விலை ஏறியது, ஆள் தேவைப்பட்டது. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய அந்நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவு ஈடுசெய்யப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களுள் பலர் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் கரையிறங்கினர். பின்னதே இன்றைய கிள்ளான் துறைமுகம்.

செம்பனையின் கதையும் இத்தகையதே. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்கள் முதலில் அழகு மரங்களாகவே வளர்க்கப்பட்டன. 1917இல் கோல சிலாங்கூரில் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'தென்னமரம்'! நம் மொழியிலேயே அமைந்த பெயர்.

நமக்கும் ஓர் இளவேனில்

நம் நாட்டில் நான்கு பருவங்கள் இல்லை என்று பாடநூலில் படிக்கிறோம். ஆயினும், ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறையும்போது ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து வெறுமையாக நிற்கும். பின்னர்ச் செம்பு நிறத் தளிர்கள் தோன்றும். காண்போர்க்கு அது அழகு. தோட்டத்து மக்களுக்கோ பால் குறையும் காலம். வருமானமும் குறையும் காலம். குளிர்நாட்டார் இளவேனிலைக் கொண்டாடிப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்கின்றனர். நம் மூத்தோரோ தளிரைக் கண்டதும் கடைக்கடன் எப்போது தீரும் என்று கணக்கிட்டனர். மரத்தை அவர்கள் நன்கு அறிவார்கள். நின்று இரசிப்பதற்குத்தான் ஓய்வு வாய்க்கவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. கிள்ளானில் உள்ள ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் போல் இன்றும் எத்தனையோ பள்ளிகள் 'தோட்டம்' என்ற சொல்லைப் பெயரில் தாங்கி நிற்கின்றன. சுற்றியிருந்த மரங்களோ பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திற்குச் சொந்தமாயிருந்த பெரும் நிலப்பரப்பும் இன்று குவாசா டாமன்சாரா நகராகி வருகிறது. பள்ளியின் பெயர்ப்பலகையில் அச்சொல் ஏன் இருக்கிறது என்று மாணவன் கேட்டால் விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

எனவே, வரும் விடுமுறையில் பிள்ளைகளை ஒரு பூங்காவிற்கு அழைத்துச் செல்லுங்கள். கெப்போங் வன ஆய்வுக் கழகத்திற்கும் செல்லலாம். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கி வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

செல்லும்போது தாத்தாவையும் பாட்டியையும் மறவாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். மரங்களின் பெயரை அவர்கள் தமிழில் சொல்லட்டும்; பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதட்டும். அதன் பிறகு 'தோட்டம்' என்ற தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள்.