நீரும் ஒளியும் உலோகத் துணையும்

2022 அக்டோபரில் சிங்கப்பூர் தன் தேசிய ஹைட்ரஜன் உத்தியை அறிவித்தது. 2050க்குள் நாட்டின் மின்தேவையில் பாதிவரை ஹைட்ரஜன் நிறைவுசெய்யக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. அந்த ஹைட்ரஜனைச் சூரிய ஒளிகொண்டு நீரிலிருந்து பிரிக்கும் முயற்சியின் வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் இடமுண்டு.

1972இல் ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒளிபட்ட டைட்டானியம் டைஆக்சைடு மின்முனையில் ஆக்சிஜனும், கம்பியால் இணைத்த பிளாட்டினம் மின்முனையில் ஹைட்ரஜனும் தோன்றின. பின்வந்தோர் கம்பியை நீக்கிப் பிளாட்டினத்தைக் குறைகடத்தித் துகளின் மேலேயே பதித்தனர்.

இவ்வுலோகம் ஆற்றல் தருவதன்று, ஆற்றல் ஒளியினுடையது. ஒளி பட்டதும் குறைகடத்தியில் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற துளையும் உண்டாகின்றன. விட்டுவிட்டால் இரண்டும் நொடிப்பொழுதில் மீண்டும் கூடி, பெற்ற ஆற்றல் பெரிதும் வெப்பமாய் வீணாகும். பிளாட்டினம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அக்கூடலைத் தடுக்கிறது. ஹைட்ரஜன் அணுக்கள் இணைய இடமும் தருகிறது.

துளைக்கும் ஒரு துணை வேண்டும். 1981இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம், போர்கரெல்லோ, கிரெட்செல் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, காட்மியம் சல்ஃபைடின்மேல் பிளாட்டினத்தோடு ருத்தேனியம் ஆக்சைடையும் பதித்ததை விவரிக்கிறது. ருத்தேனியம் ஆக்சைடு துளைகளை ஏற்கிறது. இல்லையேல் அவை காட்மியம் சல்ஃபைடையே அரித்துவிடும். இதே கல்யாணசுந்தரம்தான் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கியவர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. ஒளிவேதியியலும் தமிழும் ஒருவரிடமே இசைந்திருந்தன.

இனி, சொல்லைப் பற்றிய கேள்வி. 2020இல் டோமென் குழுவினர், அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின்மேல் ரோடியத்தையும் குரோமியம் ஆக்சைடையும் ஒரு முகத்திலும், கோபால்ட்டை வேறொரு முகத்திலும் படியவைத்தனர். புறஊதா ஒளியில் ஏறத்தாழ 96 விழுக்காட்டுக் குவாண்டம் திறன் கிட்டியது. சூரிய ஒளியில் புறஊதாவின் பங்கு சிறிது. ஆதலின் பணி இன்னும் முடியவில்லை.

இங்கே அலுமினியம் படிகத்தின் உள்ளே புகுந்தது. ரோடியமும் கோபால்ட்டும் மேற்பரப்பில் அமர்ந்தன. 'உலோகம் சேர்த்தல்' என்று பொதுப்படக் கூறினால் இவ்வேறுபாடு மறையும். மாணவர் சொல்லோடு அறிவியலையும் பிறழக் கற்பர். மேலமர்வதை 'இணைவினையூக்கி' என்கிறோம், அது பொருந்துகிறது. உள்ளே புகுவதை 'மாசூட்டல்' என்று பாடநூல்கள் வழங்குகின்றன. ஆனால் இங்கு அலுமினியம் மாசாவதில்லை. படிகத்தின் குறைகளைக் குறைக்கவே அது சேர்க்கப்பட்டது. ஆதலின் 'உட்கலப்பு' என்னும் சொல்லே தகும் என்று நாம் கருதுகிறோம். ஆசிரியர்களும் கலைச்சொல் வல்லுநர்களும் அதை ஆய்ந்து முடிவுசெய்ய வேண்டுகிறோம்.