சில்லில் ஓடின வீடு

2021 இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் மாணவர்கள் ‘ஸ்டெல்லா வீட்டா’ என்ற வண்டியைச் செய்தார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வீடு. கூரையில் சூரியத் தகடு. நிறுத்தினால் கூரை எழும்பி, பக்கத்துத் தகடுகளும் விரியும். ஸ்பெயினின் தெற்கு முனையான தரிஃபா வரை அதில போனார்கள்.

எங்கட வன்னியிலும் வீடு சில்லில ஓடினது. 2008 - 2009 இடம்பெயர்வில கூரைத் தகரம், கதவு, நிலை எல்லாத்தையும் கழற்றி உழவு மிசின் பெட்டியில ஏத்தினது சனம்.

வெளிச்சத்துக்கு என்ன செய்தது? அதுக்கு 1990களுக்குப் போகவேணும். பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைப்பொருள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டார்கள். கை நிண்டால் செய்தியும் நிண்டிடும். சூரியத் தகடும் அப்பிடித்தான், வெயில் நிண்டால் மின்சாரமும் நிண்டிடும். வண்டிக் கூரைத் தகட்டின் மின்சாரம் சார்ஜ் கொன்ட்ரோலர் வழியாகப் பற்றறியில சேர்ந்தால்தான் இரவுக்கு விளக்கு. அப்ப, பற்றறியைத் தடுத்தால் எத்தனை தகடு வைச்சிருந்தாலும் இரவு இருட்டுத்தான். தடைப்பட்டியலை எழுதினவைக்கு இது விளங்கியிருக்குமோ என்று நாங்கள் யோசிப்பதுண்டு.

2009 இல் உழவு மிசின் பெட்டிகள் முள்ளிவாய்க்காலிலேயே நிண்டிட்டுது. செட்டிகுளம் மெனிக் பாமுக்குச் சனம் பஸ்ஸில வந்தது, கையில ஒரு பையோட. அங்க தறப்பாள்தான் கூரை. கடைசிக் குடும்பங்கள் வெளியேறினது 2012 செப்டெம்பரில.