ஒக்கலிபுரத்துக் கடையும் இணையத்துத் தள்ளுபடியும்: மறுவிற்பனை குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

பெங்களூரு நகர ரயில் நிலையத்தின் தண்டவாளங்களை ஒட்டி அமைந்த பகுதி ஒக்கலிபுரம். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இத்தகைய பகுதிகளின் சிறு கடைகள் தமக்கு வேண்டிய சரக்கைச் சிக்பேட்டை, எஸ்.பி. சாலை போன்ற மொத்த விலைத் தெருக்களில் கொள்முதல் செய்வது நெடுங்கால வழக்கம். கடந்த பத்தாண்டுகளில் இவ்வழக்கத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. மொத்த வியாபாரி சொல்லும் விலையைவிட இணையத்துத் தள்ளுபடி விலை குறைவாக இருக்கும் நாளில், கடைக்காரர் அங்கேயே வாங்கித் தம் அலமாரியில் அடுக்கி விற்கிறார். இது முறையான வணிகமா, குறுக்கு வழியா என்ற கேள்வி நுகர்வோர் தரப்பிலும் நிறுவனங்கள் தரப்பிலும் எழுகிறது.

கேள்வி புதிதன்று. அர்த்தசாத்திரம் உள்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு 5, அயல்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு 10 என வணிகரின் இலாபத்துக்கு வரம்பு விதித்தது. வாங்கி விற்பதை அது தடுக்கவில்லை. இடையில் ஏறும் விலையையே கட்டுப்படுத்தியது. இடைக்கால இங்கிலாந்து இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. ஒரு சந்தையில் வாங்கிய உணவுப் பொருளை அதே சந்தையிலோ அருகிலுள்ள சந்தையிலோ மீண்டும் விற்பது அங்கே தனிக் குற்றமாகவே கருதப்பட்டது. 1776இல் வெளியான தம் நூலில் ஆடம் ஸ்மித், இத்தகைய வணிகர்கள் மீதான மக்களின் அச்சத்தைச் சூனியக்காரர் மீதான அச்சத்துக்கு ஒப்பிட்டார். ஆயினும் 1800இல் ரஸ்பி என்ற தானிய வணிகர், ஒரே நாளில் ஒரே சந்தையில் ஓட்ஸ் தானியத்தை வாங்கி விற்றதற்காக இலண்டனில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். அக்குற்றம் சட்டத்திலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டது 1844இல்தான். பஞ்ச காலத்தில் உணவின் விலை ஏறுமோ என்ற அச்சமே அச்சட்டத்தின் அடித்தளம். பொருள் கிடைப்பது பெருகப் பெருக, மறுவிற்பனையைக் குற்றமாகக் காணும் பார்வையும் தேய்ந்தது.

இணைய வணிகத்தின் இந்திய வரலாற்றில் பெங்களூருவுக்கு முக்கிய இடம் இருப்பதால், இவ்விவாதத்துக்கு இந்நகரம் பொருத்தமான களம். 2007 அக்டோபரில் சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் கோரமங்களாவில் ஃபிளிப்கார்ட்டைப் புத்தக விற்பனைத் தளமாகத் தொடங்கினர். அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகரிலிருந்து ஜான் வுட் எழுதிய நூலொன்றுக்கு முதல் ஆணை வந்தபோது, நூல் கையிருப்பில் இல்லை. நகரத்தின் புத்தகக் கடைகளில் தேடி, ஒரு பிரதியை வாங்கியே அனுப்பினர். கடையில் வாங்கி இணையத்தில் விற்றதுதான் இந்நிறுவனத்தின் முதல் வணிகம். அன்று யாரும் அதை முறைகேடு என்று சொல்லவில்லை. சொல்லவும் காரணம் இல்லை.

திசை மாறிய ஆண்டு 2014. பிப்ரவரியில் மோட்டோ ஜி, ஜூலையில் ஷாவ்மியின் எம்ஐ 3 என இரு கைப்பேசிகள் ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விற்பனைக்கு வந்தன. எம்ஐ 3-இன் விலை ரூ. 13,999. அக்டோபர் 6 அன்று ‘பிக் பில்லியன் டே’ என்ற பெருந்தள்ளுபடி நாள் நடந்தது. தனி உரிமை விற்பனையின் விளைவு தெளிவானது: மக்கள் கேட்கும் பொருள் மொத்த வியாபாரியிடமே வரவில்லை. அதைத் தம் கடையில் வைக்க விரும்பிய சிறு வணிகருக்கு, இணையத்தில் வாடிக்கையாளராக நின்று வாங்குவதைத் தவிர நேர்வழி எஞ்சவில்லை. எனவே, இந்த மறுவிற்பனையைக் கடைக்காரரின் பேராசையாக மட்டும் காண்பது வரலாற்றைப் பாதியில் நிறுத்துவதாகும். தனி உரிமை வெளியீடுகளும் ஆழ்ந்த தள்ளுபடிகளும் போட்டியைக் கெடுக்கின்றன என்ற தில்லி வணிகர் அமைப்பின் முறையீட்டின் பேரில், 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு ஆணையிட்டது. அதை எதிர்த்து அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் தொடுத்த மனுக்களைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தள்ளுபடி செய்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விலை கொடுத்து வாங்கியவரே பொருளின் உடைமையாளர். உடைமையாளர் அதை விற்கலாம். முத்திரையிட்ட பொருள் முறையாக ஒருமுறை விற்கப்பட்டபின், அடுத்த விற்பனையை வணிகக் குறியின் பெயரால் தடுக்க இயலாது என்பது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவின் சாரம். ‘மறுவிற்பனைக்காக வாங்கலாகாது’ என்று ஒரு தளம் விதிக்கும் நிபந்தனை, தளத்துக்கும் வாங்குபவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அதை மீறினால் தளம் ஆணையை இரத்து செய்யலாம், கணக்கை முடக்கலாம். ஆனால் ஒப்பந்த மீறல் வேறு, குற்றம் வேறு.

நியாயவிலைக் கடை அரிசியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அந்த அரிசியை வெளிச்சந்தையில் விற்பது குற்றம். ஏனெனில் அதன் விலைக் குறைப்பு பொதுப் பணத்தால், குறிப்பிட்ட குடும்பங்களுக்காகச் செய்யப்பட்டது. இணையத் தள்ளுபடியின் பின்னே இருப்பது முதலீட்டாளர் பணமும் விற்பனையாளரின் கணக்கும். அந்தச் சலுகை யாரைச் சென்றடைய வேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பம். பொதுநலன் சார்ந்த ஆணையன்று.

எனினும் கடைக்காரர் இதற்கு ஒரு விலை தருகிறார். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் மறுவிற்பனைக்காக வாங்குபவரை ‘நுகர்வோர்’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகின்றன. வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அதே பிரிவின் விளக்கவுரை அளிக்கும் சலுகை ‘வணிக நோக்கம்’ என்ற சொல்லுக்கே உரியது; ‘மறுவிற்பனை’ என்ற சொல்லை அது தொடவில்லை. பழுதான பொருள் வந்தால் அவர் நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது. சொந்தப் பெயரில், ஜிஎஸ்டி எண் இல்லாத ரசீதில் வாங்கினால், செலுத்திய வரியை வரவு வைத்துக்கொள்ளவும் வழியில்லை. 2025 ஜூலையில், யுபிஐ வரவுகளைக் கொண்டு கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைகளுக்கு அறிவிப்புகள் அனுப்பியபோது, ரசீதற்ற வணிகம் எவ்வளவு பாதுகாப்பற்றது என்பதைப் பெங்களூருவின் கடைகள் நேரில் உணர்ந்தன.

இங்கு ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துவது பயன் தரும். மறுவிற்பனை செய்பவரை ‘இடைத்தரகர்’ என்று பழிப்பது வழக்கம். தரகர் என்பவர் பொருளை உடைமையாக்காமல் இருவரை இணைத்துக் கூலி பெறுபவர். கடைக்காரரோ தம் பணத்தைப் போட்டு, விற்காவிட்டால் இழப்பையும் ஏற்பவர், அவர் வணிகர். அந்நிய முதலீடு பெற்ற இணையத்தளம் சரக்கைத் தானே உடைமையாக வைத்து நுகர்வோருக்கு விற்கலாகாது, விலையில் தலையிடலாகாது என 2016இன் அரசுக் குறிப்பு வரையறுத்தது. 2018 டிசம்பரின் குறிப்பு அதை மேலும் இறுக்கியது. சட்டத்தின் கண்ணில் தளமே தரகர்.

அப்படியானால் முறைகேடு எங்கே தொடங்குகிறது? 2012இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்த சாம்சங் அச்சுப்பொறி வழக்கு ஒரு திசையைக் காட்டுகிறது. வெளிநாட்டில் மலிவாக வாங்கிய அச்சுப்பொறிகளை இங்கே விற்பதைத் தடுக்க அந்நிறுவனம் முயன்றது. இரு நீதிபதிகள் அமர்வு விற்பனையை அனுமதித்தது. ஆனால் அவை இறக்குமதிச் சரக்கு என்பதையும், அவற்றுக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லை என்பதையும் கடையில் தெரியும்படி எழுதி வைக்கப் பணித்தது. வாங்கி விற்பது குறையன்று; மறைத்து விற்பதே குறை.

ஒக்கலிபுரத்துக் கடைக்கும் இதுவே பொருந்தும். கைப்பேசியின் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் ரசீதின் தேதியிலிருந்து கணக்கிடப்படும். மூன்று மாதம் அலமாரியில் இருந்த பெட்டியைப் புதிய உத்தரவாதத்தோடு என்று சொல்லி விற்றால், இழப்பு நிறுவனத்துக்கன்று. அன்றாடக் கூலியில் சேர்த்து வாங்கும் அண்டை வீட்டாருக்கு. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பதும் தடைசெய்யப்பட்டதே. பெட்டி எங்கே, எப்போது வாங்கப்பட்டது, உத்தரவாதம் எந்நாள் வரை என்பதைச் சொல்லி, தம் கடையின் ரசீதோடு விற்பவர் தம் முன்னோர் சிக்பேட்டைச் சரக்கை விற்றது போலவே விற்கிறார்.