8 நிமிடம் 50 நொடி

போன வருடம் பழைய ஆவணங்கள் சிலவற்றைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. எல்லாம் ஒழுங்காக ஏறியது. ஆனால் 1906-க்கு முந்தைய நேரங்கள் மட்டும் 8 நிமிடம் 50 நொடி விலகி நின்றன. “ரவுண்டிங் எரரா இருக்கும், விடுப்பா” என்றார் பக்கத்து இருக்கை நண்பர். ரவுண்டிங்கில் எங்காவது 8 நிமிடம் காணாமல் போகுமா?

தோண்டிப் பார்த்தால் பிழை என் நிரலில் இல்லை. உலகத்துக் கணினிகள் பெரும்பாலும் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில், இந்தியாவுக்கான பகுதியில் ஒரு வரி இருந்தது. 1870 முதல் 1905 முடிய, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால். அதன் பெயர் மதராஸ் நேரம்.

மதராஸுக்கு அன்று இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டித்தான் ஆளும் சரக்கும் கரையேற வேண்டும். ஆனால் அந்த ஊரில் ஒரு வானாய்வகம் இருந்தது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் கட்டியது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1802-இல் கோல்டிங்ஹாம் ஊரின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு நேரத்தை நிர்ணயித்தார். பின்னாளில் தந்தியும் ரயிலும் வந்து, நாடு முழுக்க ஒரே நேரம் தேவைப்பட்டபோது மதராஸ் வசதியாகப்பட்டது. கல்கத்தா 32 நிமிடம் முன்னால், பம்பாய் 30 நிமிடம் பின்னால், இது நடுவில்.

நடுவில் இருப்பது மதராஸுக்குச் சரி. பம்பாய்க்கு?

பம்பாய் வேறு மாதிரி ஊர். அருமையான இயற்கைத் துறைமுகம், பருத்திப் பணம், யாருக்கும் எளிதில் தலையாட்டாத வணிகர்கள். 1881-இல் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் அரசு அலுவலகங்களை மதராஸ் நேரத்துக்கு மாற்றினார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பருத்தி வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் தன் அம்மா பெயரில் பணம் கொடுத்துக் கட்டிய ராஜாபாய் கோபுரத்தின் கடிகாரம் பம்பாய் நேரத்தையே காட்டியது. அப்படியானால் அதற்கு விளக்கேற்றக் காசு தர மாட்டோம் என்றது அரசு. கடைசியில் 1883-இல் இறங்கிவந்தது அரசுதான்.

1906 ஜனவரி 1-இல் இன்றைய இந்திய நேரம் வந்தது. மதராஸ் தன் கடிகாரத்தை 9 நிமிடம் தள்ளிவைத்தால் போதும். பம்பாய் 39 நிமிடம் தள்ள வேண்டும். வணிகருக்கு இது கௌரவப் பிரச்சினை. மில் தொழிலாளிக்கோ தூக்கப் பிரச்சினை. ஆலைச் சங்கு புதிய நேரப்படி காலை 6 மணிக்கு ஊதினால், அவர் உடம்புக்கு அது 5 மணி 21 நிமிடம். ஜனவரி இருட்டு வேறு. அந்த மாதமே மில் தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்துக் கலவரம் செய்தார்கள். வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்ததை முதலில் உணர்ந்தது, கடிகாரம் வாங்கக் காசில்லாதவர்கள்.

பம்பாய் நகராட்சி விடவில்லை. சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் வரை தன் நேரத்தையே வைத்திருந்தது. ரயில் ஒரு நேரம், நகராட்சி ஒரு நேரம் என்று இரண்டு தலைமுறை வாழ்ந்திருக்கிறது.

நான் நாள் முழுக்கப் புழங்கும் அந்தத் தரவுத்தளத்தில் பம்பாய்க்கென்று தனி மண்டலம் இல்லை. சண்டை போடாமல் பெயர் வாங்கிய மதராஸுக்கு ஒரு வரி இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேல் சண்டை போட்ட பம்பாய்க்கு அதுகூட இல்லை.

எங்கள் தொகுப்பில் பம்பாய்த் தாள்களும் இருந்தன. கணினி அவற்றுக்கும் மதராஸ் நேரத்தையே போட்டது. அது அரை மணி நேரப் பொய். நேரத்தை மாற்றாமல், தாளில் எழுதியிருந்தபடியே தனிப் பத்தியில் சேர்த்துவிட்டேன். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்: “இது பம்பாய் நேரம். திருத்த வேண்டாம்.”